நின்றால் ஊமையாகும் ரேடியோ

தன் குரலைக் கேட்டுத் தானே நடுங்குகிற நாள் ஒன்று வரும் என்று யாராவது சொல்லியிருந்தால், அபரஞ்சி விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

பிற்பகல் இரண்டு இருபது. டவுன் பஸ் கரட்டூரை விட்டுப் புறப்பட்டுக் கால் மணி நேரம் ஆகியிருந்தது. ஜன்னலோர சீட்டில் அவள். பக்கத்தில் மடியில் வயர்கூடையும் கழுத்தில் குட்டி ரேடியோவுமாக ஒரு பெண்மணி. ஆற்றோர ஊர்களில் நாலு மாதத்துக்கு முன்னால் வீட்டுக்கு ஒன்றாக இலவசமாகக் கொடுத்த டிஜிட்டல் ரேடியோ. சோப்புக் கட்டி அளவுதான். நாடா கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம். களை எடுத்தாலும் ஆடு ஓட்டினாலும் அது பாட்டுக்குப் பேசிக்கொண்டே கூட வரும்.

அந்த ரேடியோவில் அபரஞ்சிதான் செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள்.

கரட்டூர் மாவட்ட வானொலியில் மதியம் ஒரு மணிக்கு அவள் வாசித்துப் பதிவு செய்துவிட்டு வந்த அறிவிப்பு. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை திரும்பத் திரும்ப ஒலிபரப்பு ஆகும். இரண்டு நாளாகத் தொண்டைக் கட்டு. மிளகுப்பால், உப்புத் தண்ணீர் எதற்கும் மசியவில்லை. தகரத்தில் ஆணியால் கீறியதுபோல் இருந்தது குரல்.

"செவ்வாற்றுக் கரையோர மக்களுக்கு வெள்ள எச்சரிக்கை. நெடுங்கரடு அணையிலிருந்து இன்று பிற்பகல் மூன்று மணிக்கு வினாடிக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் கன அடி நீர் திறக்கப்படும்..."

பஸ், கரட்டை வெட்டிப் போட்ட பாதைக்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் பாறைச் சுவர். வெளிச்சம் சட்டென்று குறைந்தது.

"...என்று பரவும் தகவலில் உண்மை இல்லை. அணையிலிருந்து வழக்கமான அளவு நீர் மட்டுமே வெளியேற்றப்படுகிறது. கரையோர மக்கள் அச்சப்படத் தேவையில்லை."

அபரஞ்சி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அவள் இதை வாசிக்கவில்லை. இப்படி ஒரு வரி அவளுடைய தாளில் இல்லவே இல்லை. ஆனால் குரல் அவளுடையது. 'ழ'கரத்தை லேசாக அழுத்துகிற அவளுடைய பழக்கம்கூட அப்படியே இருந்தது. ஒன்றே ஒன்றுதான் இல்லை, தொண்டைக் கட்டு. பாறைக்குள் நுழைந்த நொடியிலிருந்து குரல் கணீரென்று மணி அடித்ததுபோல் ஒலித்தது.

"ஏங்க, இந்த ரேடியோ எப்பவுமே இப்படித்தானா?"

"எப்படி?"

"திடீர்னு குரல் தெளிவாயிடுதே."

"நல்ல செட்டுங்க" என்றாள் அந்தப் பெண்மணி பெருமையாக. "ஒரே ஒரு கெட்ட பழக்கம். வண்டி ஓடுனா பேசும், நின்னா ஊமையாயிடும். கூச்சம் புடிச்ச ரேடியோ. பாருங்க, இப்ப நிக்கும்."

பாதிப் பாதையில் ஒரு ஸ்டாப். பஸ் நின்றது. 'அடுத்த செய்தி' என்று ஆரம்பித்த குரல் 'அடு'வோடு அறுந்தது. இரண்டு பேர் ஏறினார்கள். கண்டக்டர் இரட்டை விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்ததும் குரல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. யாரோ உள்ளே மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்ததுபோல.

அபரஞ்சிக்குச் சட்டென்று அக்காவின் நினைவு வந்தது.

அக்கா செங்கமலமும் மாமா காத்தமுத்துவும் வாத்து மேய்ப்பவர்கள். ஆயிரத்து இருநூறு வாத்துகளோடு இந்த நிமிடம் செவ்வாற்றின் நட்ட நடுவில், முயல்திட்டுப் பக்கம் மணலில் நடந்துகொண்டிருப்பார்கள். பள்ளமான ஆறு. அங்கே செல்போனுக்கு டவர் கிடையாது. மதியம் எச்சரிக்கையை வாசித்து முடித்தபோது அபரஞ்சி பதறவில்லை. அக்காவிடம்தான் ரேடியோ இருக்கிறதே, கேட்டுவிட்டுக் கரையேறிவிடுவார்கள் என்று நிம்மதியாகப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருந்தாள்.

மூன்று மணிக்குத் திறந்தால் தண்ணீர் நாலரைக்கு முயல்திட்டில் இருக்கும்.

"உங்க வீட்டுல யாராவது ஆத்துப் பக்கம் இருக்காங்களா?" என்றாள் அவசரமாக.

"எங்க வீட்டுக்காரரு கீழ்த்துறையில பரிசல் போடறாரு. ஏன் கேக்கறீங்க?"

"உடனே ஃபோன் போடுங்க. வெள்ளம் வருது. ரேடியோ சொல்றது தப்பு."

"பரிசல்ல இருக்கையில ஃபோன் எடுக்கமாட்டாரு" என்ற அந்தப் பெண்மணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "தப்புன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"நான்தாங்க அதுல பேசறவ. அபரஞ்சி."

பெண்மணி சத்தம் போடாமல் சிரித்தாள். முன் சீட்டுக்காரரின் தோளைத் தட்டி, "கேட்டீங்களா, ரேடியோக்கார அம்மாவாம்" என்றாள். அபரஞ்சியிடம் திரும்பி, "கோவிச்சுக்காதீங்க. அந்தம்மா குரல் தெனமும் என் நெஞ்சுமேலயே கெடக்கு. எனக்குத் தெரியாதா? உங்களுக்குத் தொண்டை கட்டியிருக்கு, போயிக் கஷாயம் குடிங்க" என்றாள்.

பாறைப் பாதை முடிந்து மேலத்துறை வந்தது. அபரஞ்சி இறங்குவதற்கு முன் கெஞ்சினாள். "ஒரே ஒரு தடவை ஃபோன் போட்டுப் பாருங்க. உங்க பேரு?"

"மாரிக்கண்ணு. போடறேன், போடறேன். இறங்குங்க, வண்டி எடுக்கப்போறான்."

ஆற்றுக்குப் போக ஆட்டோக்காரர் ஒருவர் உடனே சம்மதித்தார். "தண்ணி வராதுன்னு ரேடியோவே சொல்லிருச்சுங்க, அதான் வர்றேன். இல்லாட்டி ஆத்துப் பக்கம் தலைவெச்சுப் படுப்பனா?" என்றார்.

குலுங்குகிற ஆட்டோவில் அபரஞ்சி நிலையத்துக்குப் போன் செய்தாள். தொழில்நுட்பப் பிரிவில் எபநேசர் எடுத்தார். கேட்டு முடித்ததும் மறுமுனையில் நீளமாக ஒரு மூச்சு.

"மேடம், பழைய ரேடியோவுல சிக்னல் போனா கரகரன்னு இரையும். டிஜிட்டல்ல அது கெடையாது. வந்தா சுத்தமா வரும், போனா மொத்தமா போயிடும். நடந்துகிட்டே கேக்கறவங்க, பஸ்ஸுல போறவங்க எல்லாம் விட்டு விட்டுக் கேக்குதுன்னு ஒரே புகார். அதுக்காக இந்தப் புது செட்டுல நிரப்பின்னு ஒன்னு வெச்சு அனுப்பினாங்க."

"என்ன செய்யும் அது?"

"அறுந்த எடத்துல அடுத்து என்ன வரும்னு ஊகிச்சு, அதே குரல்ல சொல்லி ஒட்டுப்போட்டுடும். ஒன்னு ரெண்டு வார்த்தைக்குத்தான்னு சொன்னாங்க."

"செய்தியையே தலைகீழா வாசிக்குது எபநேசர்."

"சிக்னல் வரவே வராத எடத்துல அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும்போல." அவர் குரல் இறங்கியது. "மூணு வருஷமா தெனமும் நாலு வேளை ஆத்து நிலவரம் வாசிச்சிருக்கீங்க. அதுல எத்தனை தடவை வெள்ள எச்சரிக்கை?"

"ஒன்னு. இன்னிக்குச் சேத்தா ரெண்டு."

"மீதி நாலாயிரம் தடவையும் அச்சப்படத் தேவையில்லைன்னுதான் வாசிச்சிருப்பீங்க. அப்ப அது எதை ஊகிக்கும், சொல்லுங்க. இன்னொன்னும் இருக்கு மேடம். எதைச் சொன்னா கேக்கறவங்க அணைக்காம கேக்கறாங்கன்னும் அது கத்துக்கும். செட்டுக்குச் செட்டு மாறும்."

"பொய் சொல்லக் கத்துக்குதுன்னு சொல்லுங்க."

"பொய்னு சொல்ல முடியாது. ஊகம்."

"என் குரல்ல."

எபநேசர் பேச்சை மாற்றினார். "செட்டு அசையாம இருந்தா நிரப்பி வேலை செய்யாது. நின்னு கேட்டா, சிக்னல் இருந்தா உண்மை வரும், இல்லாட்டி ஊமையாயிடும். பாக்கறவங்களை எல்லாம் நிக்கச் சொல்லுங்க. நான் இங்கேருந்து கரையோர ஆபீஸுக்கெல்லாம் போன் போடறேன்."

"தண்டோரா போடச் சொல்லுங்க."

"செட்டு குடுத்த கையோட தண்டோராக்காரங்களை நிறுத்திட்டாங்களே, தெரியாதா உங்களுக்கு?"

தெரியும். அந்தச் செய்தியை வாசித்ததே அவள்தான்.

கரையில் இறங்கியபோது மணி மூன்று முப்பத்தைந்து. கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை மணல். நடுவில் இரண்டு மூன்று ஓடைகளாகத் தண்ணீர் மினுங்கியது. அவ்வளவு பெரிய அமைதியைப் பார்த்தபோது தனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள். மணல் கணுக்கால் வரை இழுத்தது. மேற்கே, அணை இருக்கிற திசையைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தாள். பத்து அடிக்கு ஒரு முறை பார்த்தாள்.

முயல்திட்டைத் தாண்டியதும் வாத்துகளின் இரைச்சல். சாம்பல் நிறப் போர்வை ஒன்று மணலில் நெளிந்து நெளிந்து நகர்வதுபோல் ஆயிரத்து இருநூறும் நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில், அணையைப் பார்த்தே போய்க்கொண்டிருந்தன. பின்னால் மூங்கில் கழியோடு மாமா. இன்னொரு பக்கம் அக்கா. மாமாவின் கழுத்தில் ரேடியோ.

"மாமா!" குரல் எழும்பவில்லை. காற்றுதான் வந்தது. கிட்டே போய் அவர் கையைப் பிடித்தாள். "கரையேறுங்க. வெள்ளம் வருது. அரை மணிதான் இருக்கு."

காத்தமுத்து நடையை நிறுத்தாமல் சிரித்தார். "இந்தா, ரேடியோவுல இப்பத்தான் வராதுன்ன. இங்க வந்து வருதுங்கற. எந்த அபரஞ்சியை நான் நம்பறது?"

"அது நான் இல்ல மாமா."

"போன வருஷமும் நான் டீக்கடைக்கு வந்தப்ப போன்ல இப்படித்தான் அழுத. உன் பேச்சைக் கேட்டு அவசர அவசரமாக் கரையேத்தி, மருந்தடிச்ச வயல்ல உட்டு இருநூறு வாத்து செத்துச்சு. வெள்ளமும் வரல, ஒரு மண்ணும் வரல. ஆபீஸுல தாளைப் பாத்துப் பேசறப்பதான் நீ ஒழுங்காப் பேசற கொழுந்தியா. நான் அந்த அபரஞ்சி பேச்சைக் கேட்டுக்கறேன்."

அக்கா ஓடி வந்தாள். "ஏன்டி இப்படி மூச்சு வாங்குது? ஒடம்பு சரியில்லையா? குரலே மாறிக் கெடக்கு."

"மாமாவை நிக்கச் சொல்லுக்கா. ஒரு நிமிஷம்."

"நின்னா வாத்து கலைஞ்சிடும்டி."

"ரேடியோவை அணைக்காம நீங்க எப்பவாவது நின்னிருக்கீங்களா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நின்னா அணைச்சிடுவோம்" என்றார் மாமா. "மூணு நாளைக்கு ஒருக்கா டீக்கடையில சார்ஜு போடற பொழப்பு. நடக்கையில பேச்சுத்தொணைக்கு அது வேணும். உக்காந்துட்டா எதுக்கு வெட்டியா?"

அவ்வளவுதான் விஷயம். நாலு மாதமாக இந்த ரேடியோவை அவர்கள் நடந்துகொண்டு மட்டுமே கேட்டிருக்கிறார்கள்.

அபரஞ்சி அவருக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து நின்றாள். "இப்ப நில்லுங்க. அணைக்காதீங்க."

காத்தமுத்து நின்றார். 'வானிலை மிதமாக' என்று சொல்லிக்கொண்டிருந்த கணீர்க் குரல் அப்படியே செத்தது. காற்று மட்டும் கேட்டது.

"ஒரு எட்டு வைங்க."

வைத்தார். "...இருக்கும் என்று எதிர்பார்க்கப்படுகிறது" என்றது அபரஞ்சியின் குரல். அபரஞ்சி தன் உதடுகளை இறுக மூடிக்கொண்டு அவருக்கு எதிரே நின்றிருந்தாள்.

நின்றார். ஊமை.

நடந்தார். "கரையோர மக்கள் அச்சப்படத் தேவையில்லை."

மூன்றாவது முறை அவர் நிற்கவும் இல்லை, நடக்கவும் இல்லை. ஒரு காலைத் தூக்கியபடி அந்தரத்தில் வைத்திருந்தார். "என்னம்மா இது? பேய் புடிச்ச மாதிரி..."

"இந்த ஆத்துல சிக்னலே கெடையாது மாமா. என்னிக்குமே கெடையாது. இங்க நீங்க கேட்டது எதுவும் நான் சொன்னது இல்ல. நீங்க நடக்கறதுக்காக அதுவா பேசிக்கிட்டு இருந்திருக்கு."

அக்கா மெதுவாகக் கேட்டாள். "அப்ப, பொழுது சாயறப்ப தெனமும் சொல்லுவியே, 'ஆற்றில் வாத்து மேய்க்கும் எங்கள் உறவுகளே, நலமா'ன்னு. உங்க மாமா அதுக்கு, 'நலந்தான் தாயி'ன்னு பதில்கூட சொல்லுவாரே."

அபரஞ்சியால் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நிலையத்தில் ஒருத்தரிடம்கூட, என் வீட்டார் வாத்து மேய்ப்பவர்கள் என்று அவள் இதுவரை சொன்னதில்லை.

அந்தச் சமயத்தில்தான் வாத்துகள் கத்துவதை நிறுத்தின. ஆயிரத்து இருநூறு கழுத்துகளும் ஒன்றுபோல் நீண்டு மேற்கே திரும்பின. காலடி மணல் லேசாக அதிர்ந்தது. தூரத்தில் கனமான லாரிகள் வரிசையாக வருவதுபோல் ஓர் உறுமல். ஆனால் அந்தப் பக்கம் ரோடு கிடையாது.

"ஓடு" என்றார் காத்தமுத்து. கழியை வீசி வாத்துகளைக் கரைப் பக்கம் ஒரு தரம் விரட்டிவிட்டு, அதையும் தூக்கி எறிந்துவிட்டு, இரண்டு பெண்களின் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு ஓடினார். மூவரும் ஓட ஓட அவர் நெஞ்சில் அந்தக் குரல் குதித்துக் குதித்துப் பேசிக்கொண்டே வந்தது. நீர்வரத்து சீராக உள்ளது. அச்சப்பட. தேவையில்லை. பொதுமக்கள் வழக்கம்போல். அக்கா ஒரு கையால் நாடாவைப் பிடித்து இழுத்து அறுத்து மணலில் வீசினாள். அது விழுந்த இடத்தில் அசையாமல் கிடந்தது, பேசவில்லை.

கரைமேட்டில் நாலடி ஏறியிருப்பார்கள். செம்மண் நிறத்தில் ஒரு சுவர் முயல்திட்டை விழுங்கிக்கொண்டு கடந்து போனது. வேரோடு ஒரு புளியமரம், ஒரு வைக்கோல் போர், எவருடையதோ ஒரு கட்டில். பாதி வாத்துகள் கரையேறியிருந்தன. மீதி நுரையோடு நுரையாகச் சுழன்று போயின. காத்தமுத்து அவற்றைப் பார்க்கவில்லை. அபரஞ்சியின் தலைமேல் கையை வைத்தபடி, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, "உன் குரல் நல்லாவே இல்ல தாயி" என்றார். "நல்லாவே இல்ல" என்று இன்னொரு தரம் சொல்லும்போது அழுதுவிட்டார்.

மாலை ஆறு மணி. கீழ்த்துறையிலிருந்து கரட்டூருக்குத் திரும்பும் பஸ்ஸில் அபரஞ்சி மேலத்துறையில் ஏறினாள். கரைமேட்டில் டவர் கிடைத்ததும் எபநேசரின் செய்தி வந்திருந்தது. 'உடனே வாங்க மேடம். ஏழு மணி அறிக்கையை நீங்கதான் வாசிக்கணும். வேற ஆள் இல்ல. இறந்தவங்க பட்டியல் அனுப்புறேன்.'

பஸ்ஸில் உட்கார இடம் ஒன்றுதான் இருந்தது. பக்கத்தில் வயர்கூடையோடு மாரிக்கண்ணு.

மதியம் பார்த்த சிரிப்பு அந்த முகத்தில் இல்லை. தலை கலைந்திருந்தது. அபரஞ்சியை அடையாளம் தெரிந்ததும் எழுந்து நிற்கப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்தாள்.

"நீங்க சொன்னப்புறம் போட்டேங்க. ரிங் போச்சு. எடுக்கல. அப்புறம் ரேடியோ ஒன்னும் இல்லன்னுச்சு, சரின்னு வுட்டுட்டேன்." வயர்கூடையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். "பரிசல் ஒன்னு கவுந்து வந்துச்சாம். சில பேரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்காங்களாம். உசுரோடயா என்னன்னு யாரும் சொல்லமாட்டேங்கறாங்க. அதான் போறேன்."

"அவர் பேரு?"

"பெரியண்ணன்."

அபரஞ்சியின் கையில் செல்போன் அதிர்ந்தது. பட்டியல். ஏழு பெயர்கள். மூன்றாவதாக, 'பெரியண்ணன், வயது 46, பரிசல் ஓட்டுநர், கீழ்த்துறை.' போனை மெல்லக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பஸ் பாறைப் பாதைக்குள் நுழைந்தது.

மாரிக்கண்ணுவின் கழுத்தில், கணீரென்று, ஒரு பிசிறு இல்லாமல் அந்தக் குரல் ஆரம்பித்தது. "செவ்வாற்று வெள்ளத்தில் உயிர்ச்சேதம் எதுவும் இல்லை. கீழ்த்துறையில் பரிசல் ஓட்டிகள் அனைவரும் பத்திரமாகக் கரை சேர்ந்தனர்."

இந்தப் பெண் எதைக் கேட்டால் அணைக்கமாட்டாள் என்று அது நாலு மாதத்தில் கற்றுக்கொண்டிருக்கிறது.

"அணைச்சிடுங்க" என்றாள் அபரஞ்சி. "அது நான் இல்லீங்க."

"தெரியும்." மாரிக்கண்ணு ரேடியோவை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். "மத்தியானம் நீங்க சொன்னப்ப நம்பல. இப்ப நம்பறேன். தெரியும்மா."

"அப்புறம் எதுக்கு..."

"பேசட்டும். இந்தப் பாறை முடியற வரைக்கும் பேசட்டும். உங்களைக் கையெடுத்துக் கும்புடறேன், நீங்க ஒன்னும் பேசாதீங்க."

அபரஞ்சி பேசவில்லை. அறுத்து எறிய வேண்டிய அந்தக் குரலைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தாள். பரிசல்காரர்கள் கரையில் ஓய்வெடுப்பதாக அது சொன்னது. இரவு உணவுக்குள் வீடு திரும்புவார்கள் என்றது. தன்னையறியாமல் தன் உதடுகளும் அந்த வார்த்தைகளோடு அசைவதை உணர்ந்து, பயந்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டிரைவர் எங்கேயும் நிறுத்தாமல் போய்க்கொண்டே இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவளுக்கும் தோன்றியது.

பாதிப் பாதையில் அந்த ஸ்டாப் வந்தது. கண்டக்டர் ஒற்றை விசில் கொடுத்தார்.

பஸ் வேகம் குறைந்து, குலுங்கி, நின்றது. ரேடியோ ஊமையானது. மாரிக்கண்ணு திரும்பி அபரஞ்சியின் வாயையே பார்த்தாள்.